பாராளுமன்றத்தைக் கட்டிய பாவா யார்?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் நம் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் கல்விச் சுற்றுலாவுக்காகப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போனோம். பாராளுமன்றத்துக்கு எதிரே, தியவன்னா ஓயாவின் கரையில் நின்றுகொண்டு, "இதைக் கட்டியவர் ஜெப்ரி பாவா" என்று சொன்னோம். பின்னால் நின்ற ஒரு பொடியன் உடனே கேட்டான்: "பாவாவா? நம்மட ஆளா சேர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ஆனால் சரியான பதில் எங்களிடம் இருக்கவில்லை. பாவா என்ற பெயர் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. றபானோடு வரும் பக்கீர் பாவாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெயரோடு ஒருவர் நாட்டின் பாராளுமன்றத்தையே கட்டியிருக்கிறார் என்றால் அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து தேடித் தேடி வாசித்தோம்.

அந்தப் பொடியனுக்குரிய பதில்: ஓம், இல்லை. இரண்டும்தான்.

ஜெப்ரி பாவா 1919 ஜூலை 23 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தைவழிப் பாட்டனார் அகமது பாவா ஒரு சோனகர், சட்டத்தரணி. அவர் ஓர் ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அவர்களின் மகன் பென்ஜமின் பாவாவும் கொழும்பில் பெயர் பெற்ற சட்டத்தரணி. பென்ஜமின் மணந்தது பேர்தா ஸ்ரேடர் என்ற பறங்கியப் பெண்ணை. அந்தக் குடும்பத்தில் பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளில் இளையவர் ஜெப்ரி. மூத்தவர் பெவிஸ் பாவா, 'பிரீஃப்' என்ற புகழ்பெற்ற தோட்டத்தை உருவாக்கியவர். ஜெப்ரிக்கு நான்கு வயதாகும்போது, 1923 இல், தந்தை மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் வளர்ந்தது தாயின் குடும்பச் சூழலில். ஆகவே பெயரில் மட்டும்தான் பாவா மிச்சம். அவரை முஸ்லிம் என்று உரிமை கோர நாம் இதை எழுதவில்லை. இந்தத் தீவில் யாருடைய இரத்தத்தில் யார் இருக்கிறார் என்று பிரித்துச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அவருடைய குடும்பமே சாட்சி.

ஆசிரியர்களாகிய எங்களை அதிகம் பிடித்து இழுத்தது இன்னொரு விஷயம். அவர் தன் தொழிலை மிகவும் பிந்தித்தான் கண்டுபிடித்தார்.

கொழும்பு றோயல் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், அதற்குப் பிறகு லண்டனில் சட்டம். 1944 இல் பாரிஸ்டர் ஆனார். நாட்டுக்குத் திரும்பி வந்து சட்டத் தொழில் செய்தார், மனம் ஒட்டவில்லை. 1946 இல் தாயும் இறந்த பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு உலகம் சுற்றப் புறப்பட்டார். இத்தாலியிலேயே ஒரு வீடு வாங்கிக் குடியிருந்துவிடலாம் என்று நினைத்தார். அது சரிவரவில்லை. 1948 இல் திரும்பி வந்து, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் வாவியோரமாக ஒரு பழைய றப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுனுகங்கா. அதை ஒரு பூந்தோட்டமாக மாற்றப் போனபோதுதான் தனக்கு உண்மையில் விருப்பமான வேலை எது என்பது விளங்கியது. தனக்கு அந்த வேலையில் அறிவு போதாது என்பதும் விளங்கியது.

அதற்கு அவர் செய்ததைப் பாருங்கள். 30 வயதைத் தாண்டிய பாரிஸ்டர், 1951 இல் 'எட்வர்ட்ஸ், ரீட் அன்ட் பெக்' என்ற கொழும்பு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். பிறகு லண்டனுக்குப் போய், தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பொடியன்களோடு உட்கார்ந்து கட்டிடக்கலை படித்தார். 1957 இல் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. சாதாரண தரத்தில் ஒரு பாடம் பிழைத்தாலே "இனி இவன் உருப்பட மாட்டான்" என்று சொல்லிவிடுகிறோமே, அந்தப் பெற்றோரும் ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். (அவரிடம் பணம் இருந்தது, காத்திருக்க முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.)

திரும்பி வந்தவர் அதே நிறுவனத்தைப் பொறுப்பெடுத்தார். 1959 இல் டென்மார்க் நாட்டு உல்ரிக் பிளெஸ்னர் வந்து சேர்ந்தார். ஆரம்பத்தில் அவர்கள் கட்டியவை அந்தக் கால ஐரோப்பிய நவீன பாணிக் கட்டிடங்கள்: வெள்ளைச் சுவர், நேர் கோடு, கொங்கிறீற். கொழும்பு சென் தோமஸ் ஆரம்பப் பாடசாலையின் வகுப்பறைக் கட்டிடமும் பிஷப்ஸ் கல்லூரியின் வகுப்பறைக் கட்டிடமும் அந்தக் காலத்தவை. ஆனால் நம் நாட்டு மழையும் ஈரமும் வெள்ளைச் சுவரைச் சும்மா விடுமா? பாசி பிடிக்கும், கறுக்கும். நல்ல தாவாரம் இல்லாத சுவர் இங்கே நிற்காது. இதை நம் ஊர் மேசன்மாரும் ஓடாவிமாரும் பரம்பரையாக அறிந்திருந்தார்கள். பாவா படித்துவந்ததை மறந்து, இங்கே இருப்பதைப் படிக்கத் தொடங்கினார். பழைய விகாரைகள், வளவு வீடுகள், ஒல்லாந்தர் காலத்து விறாந்தைகள், முஸ்லிம் வீடுகளின் முற்றங்கள் எல்லாமே அவருக்குப் பாடப் புத்தகமாகின. வெப்ப நாட்டுக்குரிய நவீனக் கட்டிடக்கலை என்று இன்று உலகம் படிப்பது அப்படி வந்ததுதான்.

1960 தொடக்கம் 62 வரை கொழும்பில் எனா டி சில்வா என்ற பத்திக் கலைஞருக்கு அவர் கட்டிய வீடு எல்லாவற்றையும் மாற்றியது. நகரத்துச் சிறிய காணி. வழக்கமாக என்ன செய்வோம்? நடுவில் ஒரு பெட்டி போல வீட்டைக் கட்டி, சுற்றி மூன்றடி இடம் விட்டு, மதில் எழுப்புவோம். பாவா அதைத் தலைகீழாக்கினார். சுவரைக் காணியின் எல்லைக்கே கொண்டுபோய், நடுவைத் திறந்துவிட்டார். நடுவில் முற்றம், அதைச் சுற்றி விறாந்தையும் அறைகளும். தெருவில் போகிறவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளே இருப்பவருக்கு வானம் தெரியும், மழை தெரியும், காற்று வரும். அது வெளிநாட்டுச் செலாவணித் தட்டுப்பாட்டுக் காலம், இறக்குமதிப் பொருட்கள் கிடைப்பது கஷ்டம். ஆகவே உள்ளூர் மரம், உள்ளூர் கல், உள்ளூர் ஓடு. தட்டுப்பாடே அவருக்கு ஆசானாகிவிட்டது. 2022 இல் சீமெந்துப் பையின் விலையைக் கேட்டு அரைவாசியில் வீட்டு வேலையை நிறுத்திய நமக்கு இது விளங்கும்.

இங்கே கொஞ்சம் நின்று நம் ஊரைப் பார்ப்போம்.

நம் பகுதியில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் முடித்துக் கொடுக்கிறோம். தமிழரும் அப்படித்தான், முஸ்லிம்களும் அப்படித்தான். வாப்பாவின் வளவை மூன்று மகள்மாருக்குப் பிரிக்கிறோம். அடுத்த தலைமுறையில் அது ஒன்பதாகும். காத்தான்குடியில் பல இடங்களில் ஒரு வீட்டின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டின் சுவர். பர்தாவுக்காக இருக்கிற ஜன்னலுக்கும் திரை. தட்டைக் கொங்கிறீற் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுக்க அதை வீட்டுக்குள் கக்குகிறது. அந்தப் பெட்டிக்குள் அதிக நேரம் இருப்பது நம் உம்மாமாரும் சகோதரிகளும்தான். பெண்களின் மறைவுக்காகத்தான் வீட்டை மூடுகிறோம் என்கிறோம். மறைவும் காற்றும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்பதற்குத்தான் முற்றம். பத்தடிச் சதுரத்தில் ஒரு திறந்த முற்றம் விட்டால் ஓர் அறை குறையும் என்று கணக்குப் பார்க்கிறோம். அந்த அறையை வெக்கையில் யாரும் பாவிப்பதில்லை என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாவாவின் இன்னொரு சிறிய கெட்டித்தனம் கூரையில் இருந்தது. பழைய அரைவட்ட ஓடு அழகு, குளிர்மை. ஆனால் ஒழுகும், குரங்கும் காகமும் புரட்டிவிடும். அவர் கீழே நெளி சீற்றைப் போட்டு, அதன் மேல் அரைவட்ட ஓட்டைப் பதித்தார். மழை உள்ளே வராது, வெயிலும் இறங்காது. அந்தக் காலத்துச் சீற்றில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அதன் தூசு சுவாசப்பைக்குக் கேடு என்பது இன்று தெரியும். ஆகவே அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. வெயிலுக்கும் நமக்கும் நடுவில் இரண்டு தட்டு வேண்டும் என்ற யோசனையைத்தான் சொல்கிறோம்.

அவர் தனியாக எதையும் செய்யவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிளெஸ்னர் போன பிறகு ஏறத்தாழ இருபது வருடங்கள் அவருடைய பங்காளியாக இருந்து பெரிய கட்டிடங்களையெல்லாம் நிற்க வைத்தவர் ஒரு தமிழ்ப் பொறியியலாளர், கலாநிதி கே. பூலோகசுந்தரம். அந்த அலுவலகத்தில் வேலை செய்து பெயர் பெற்றவர்களில் இஸ்மத் ரஹீம் என்ற முஸ்லிமும் ஃபெரோஸ் சொக்சி என்ற பார்சியும் சி. அஞ்சலேந்திரன் என்ற தமிழரும் இருக்கிறார்கள். சிங்கள ஓவியர் லக்கி சேனாநாயக்க, பறங்கியரான பார்பரா சன்சோனி, பத்திக் செய்த எனா டி சில்வா எல்லோருடைய கையும் அந்தக் கட்டிடங்களில் உண்டு. பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்தின் உட்கூரை முழுக்க எனாவின் பத்திக் துணி.

கொழும்பு பேர வாவியில் மிதப்பது போல நிற்கும் சீமா மாலகையைப் பலர் பார்த்திருப்பீர்கள். கங்காராமை விகாரைக்குச் சொந்தமானது, 1970களின் பிற்பகுதியில் பாவா வடிவமைத்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? எஸ்.எச். மூசாஜி என்ற முஸ்லிம் வர்த்தகர். இறந்துபோன தன் மகன் அமீரின் நினைவாகக் கொடுத்தார். சோனகப் பாட்டனாரின் பேரன் வரைந்து, முஸ்லிம் தகப்பன் ஒருவரின் பணத்தில் எழும்பிய பௌத்த தியான மண்டபம். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நாங்கள் படிக்கவில்லை. படித்திருந்தால் நல்லது.

1979 இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்த்தன புதிய பாராளுமன்றத்தைக் கட்டும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். கோட்டேயில் சதுப்பு நிலத்தைத் தோண்டி 120 ஹெக்டேயர் வாவியை உண்டாக்கி, நடுவில் ஒரு தீவை விட்டு, அதன் மேல் செப்புக் கூரைகளோடு கட்டிடத்தை எழுப்பினார்கள். ஜப்பானிய நிறுவனம் கட்டியது. 1982 ஏப்ரலில் திறந்தார்கள். அடுத்த வருடம் 1983 ஜூலை. அதற்குப் பிறகு நடந்ததை இந்த வாவிக்கரையில் இருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அழகான கட்டிடம் நல்ல அரசியலைக் கொண்டுவந்து தராது. கூரையைப் பாவா போடலாம், அதற்குக் கீழே இருப்பவர்கள் எப்படி நடக்க வேண்டும் என்று அவரால் வரைய முடியாது.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு அவருடைய கட்டிடங்களில் மிகவும் பிடித்தது பாராளுமன்றமல்ல, மாத்தறை றுகுணு பல்கலைக்கழகம். 1980களில் கட்டியது. கடலைப் பார்த்த குன்றுகளில் ஐம்பதளவு கட்டிடங்கள். கருங்கல், சாந்து பூசிய சுவர், ஓட்டுக் கூரை, அவ்வளவுதான் பொருள். குன்றுகளை வெட்டிச் சமப்படுத்தாமல், மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி கட்டிடங்களை இறக்கி ஏற்றி, மழையில் நனையாமல் நடக்க விறாந்தைகளால் இணைத்திருக்கிறார். விரிவுரை முடிந்து வெளியே வந்தால் எங்கேயும் உட்கார இடம், நிழல், காற்று. படிப்பு வகுப்புக்குள் மட்டும் நடப்பதில்லை என்பது தெரிந்த ஒருவர் கட்டியது. ஆடம்பரப் பொருள் ஒன்றுமில்லாத அரச கட்டிடம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஹன்வெல்லையில் 1960களில் கன்னியாஸ்திரிகளுக்காக அவர் கட்டிய பண்ணைப் பாடசாலையும் அப்படித்தான். கிராமத்தில் கிடைத்த கல்லையும் மரத்தையும் வைத்தே கட்டினார்.

நமக்குக் கிட்ட இருப்பது தம்புள்ளையில் உள்ள கந்தளாமா ஹோட்டல், 1994 இல் முடிந்தது. கொழும்பு பஸ்ஸில் போகும்போது நாம் தாண்டிப் போகிற ஊர்தான். கற்பாறையை உடைக்காமல் அதன் பக்கவாட்டோடு நீட்டிக் கட்டி, செடி கொடிகளால் மூட விட்டிருக்கிறார். மழைநீர் கட்டிடத்துக்குக் கீழாலேயே ஓடும். அந்த இடத்தில் ஹோட்டல் வேண்டாம் என்று அப்போது பெரிய எதிர்ப்பு இருந்தது என்பதும் உண்மை.

குறை சொல்வதானால் இதையும் சொல்லலாம்: அவருடைய வாடிக்கையாளர்களில் அதிகமானோர் பணக்காரர்களும் ஹோட்டல்காரர்களும். அந்த இடத்தில் கண்டியைச் சேர்ந்த மினெற் டி சில்வாவை நினைக்க வேண்டும். நாட்டின் முதல் பெண் கட்டிடக்கலைஞர். 1948 இல் பிரித்தானியக் கட்டிடக்கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார், ஆசியப் பெண்களில் அவர்தான் முதல். பாவாவுக்கு முன்பே உள்ளூர்க் கலையையும் நவீனத்தையும் சேர்த்துக் கட்டியவர். 1950களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் அமைத்தபோது, குடியேறப் போகிற பல இனத்து மக்களிடமும் வினாக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வணங்குகிறீர்கள், என்ன தேவை என்று கேட்டுத்தான் வரைந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் வந்து இறங்கிய வீடுகளில் எத்தனை அப்படிக் கேட்டுக் கட்டப்பட்டவை? கல்லடியிலிருந்து கீழே வரை பாருங்கள். அடுப்படியை வெளியில் தகரத்தால் சாய்ப்பு இறக்கிக் கட்டிக்கொண்ட வீடுகள் எத்தனை?

பாவாவுக்கு 1998 இல் பாரிசவாதம் வந்து பேச்சு நின்றது. 2001 இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது. முஸ்லிம் உலகத்துக் கட்டிடங்களுக்காக ஏற்பட்ட விருது அது. அதே தலைவர் விருதை 1980 இல் முதலில் பெற்றவர் எகிப்தின் ஹசன் ஃபாத்தி, மண் கல்லால் ஏழைகளுக்கு வீடு கட்டலாம் என்று கடைசி வரை நின்றவர். இரண்டாவது, ஈராக்கின் ரிஃபாத் சாதிர்ஜி. மூன்றாவது நம் நாட்டுப் பாவா. 2003 மே 27 ஆம் திகதி அவர் இறந்தார். லுனுகங்காவிலேயே அவருடைய அஸ்தி அடக்கம் செய்யப்பட்டது. தன் கட்டிடங்களைப் பற்றி அவர் அதிகம் பேசியவருமல்ல, எழுதியவருமல்ல. போய் நின்று பாருங்கள் என்பதே அவருடைய போக்கு.

இப்போது நம் வேலைக்கு வருவோம்.

நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் ஒரு பழைய ஓட்டு மண்டபம் இருக்கிறது. இரண்டு பக்கமும் விறாந்தை, தடித்த சுவர், உயர்ந்த முகடு. 1978 சூறாவளியில் ஓடு பறந்தது, சுவர் நின்றது என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2004 இல் தண்ணீர் வந்து போனது, அப்போதும் நின்றது. இப்போது அதை இடித்துவிட்டு இரண்டு மாடிக் கட்டிடம் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. நோக்கம் நல்லது, வகுப்பறை போதாது என்பதும் உண்மை. கொடுக்க முன்வந்தவர்களுக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் எங்களோடு ஒரு நாள் வந்து இருந்து பாருங்கள். புதிய கட்டிடத்தின் மேல் மாடியில் பதினொரு மணிக்குப் பிறகு பிள்ளைகள் பாடத்தைப் பார்ப்பதில்லை, கொப்பியால் விசிறிக்கொண்டிருக்கிறார்கள். ஃபேன் சூடான காற்றைத்தான் சுற்றுகிறது. போன வருடம் இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தது எங்கே தெரியுமா? அந்தப் பழைய மண்டபத்தின் விறாந்தையில். அங்கேதான் காற்று இருந்தது. கடும் வெயிலில் பிள்ளைகளை வெளியில் விட வேண்டாம் என்று கல்வி அமைச்சு 2024 இல் அறிவுறுத்தியது. உள்ளே இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி.

ஓட்டுக் கூரைக்குச் சூறாவளி பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 78 ஐக் கண்டவர்கள் கொங்கிறீற்றை நாடியதில் நியாயம் உண்டு. ஆனால் வளையையும் கைமரத்தையும் சுவரோடு இரும்புப் பட்டியால் இறுக்கிக் கட்டுவது பெரிய வித்தையல்ல. கொங்கிறீற் கூரைதான் போடப் போகிறோம் என்றால், அதற்கு மேல் இன்னொரு கூரை, மேற்குப் பக்கம் அகலமான விறாந்தை, எதிரெதிரே ஜன்னல், வெயில் படும் பக்கம் வேம்பும் இலுப்பையும் என்று யோசிக்கலாம். இவற்றுக்குப் பெரிய காசு தேவையில்லை. வரைபடம் வரையும்போதே கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று "நம்மட ஆளா?" என்று கேட்ட பொடியன் இப்போது தகப்பனோடு மேசன் வேலைக்குப் போகிறான். போன கிழமை அந்த மண்டபத்தைப் பார்க்கக் கூட்டிப் போனோம். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "சேர், வளை எல்லாம் முதிரை. ஒரு இடத்திலயும் உளுக்கல்ல. இத இடிச்சா இப்படி ஒண்ட காசு குடுத்தும் எடுக்க ஏலா."

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறோம். மண்டபத்தைத் திருத்தி வைத்துக்கொண்டு, புதியதை மைதானத்தின் மற்றப் பக்கம் கட்ட முடியுமா? வரைய முன், அதில் இருந்து படிக்கப் போகும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்க முடியுமா? பெற்றோரும் பழைய மாணவர்களும் வாருங்கள். உம்மாமார் கட்டாயம் வாருங்கள், வெக்கையைப் பற்றி உங்களைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் கருத்தை எழுதுங்கள்.